கோஹாரு அப்பா கட்டிக்கொடுத்த மயானம்

டப்பா கனத்தது.

ரியோஹேய் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிமேல் வைத்துவிட்டு இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. காலையில் மகளின் பையில் வைத்தபோது என்ன கனமோ, அதே கனம்தான்.

மூடியைத் திறந்தான். வெள்ளைச் சோற்றில் பிடித்த பேய், படுக்க வைத்த இடத்திலேயே படுத்திருந்தது. கால் பக்கம் ஒரே ஒரு வாய் குறைந்திருந்தது. கடல்பாசித் தாளில் கத்தரித்து ஒட்டிய கண் இரண்டையும் வாயையும் யாரோ நுணுக்கமாகப் பிரித்தெடுத்து, மூடியின் உள்பக்கத்தில் கோடு போட்டாற்போல வரிசையாக வைத்திருந்தார்கள்.

"கோஹாரு, இங்க வாம்மா."

கோஹாரு வந்தாள். நாலு வயது. காலுறை ஒன்று எங்கேயோ போயிருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"சாப்பிட்டேனே."

"என்ன சாப்பிட்ட?"

"சோறு."

"எப்படி இருந்துச்சு?"

கோஹாரு யோசித்தாள். "புளிப்பா, நல்லா இருந்துச்சு."

ரியோஹேய் டப்பாவைத் திரும்பப் பார்த்தான். அந்தப் பேயில் புளிப்பாக ஒன்றுமே கிடையாது. சோறு, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். கெட்ட வாடை இல்லை. நல்ல வாடையும் இல்லை. மூக்கை நம்பாமல் ஒரு வாய் தின்றும் பார்த்தான். அவன் நாக்குக்குப் புளிக்கவில்லை. ஆனால் நாக்கு அவனுடையது, வயிறு குழந்தையுடையது அல்லவா.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரியோஹேய் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். அலமாரி, கட்டில் வாங்கினால் எந்த ஆணியை எந்த ஓட்டையில் போடுவது என்று ஒரு தாள் வருமே, அதற்குப் படம் போடுவது அவன் தொழில். மனைவி ஷிஹோ விடிந்ததும் படகு ஏறி எதிர்க்கரைக் கப்பல் பட்டறை அலுவலகத்துக்குப் போய்விடுவாள். ஆகவே கோஹாரு பாலர் பள்ளியில் சேர்ந்த ஏப்ரலிலிருந்து பென்டோ என்கிற மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுவது அவன் பொறுப்பு.

அந்த வசந்தத்தில் பள்ளி மருத்துவர், "வயசுக்கு எடை கொஞ்சம் கம்மி. சாப்பாட்டைக் கவனிச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். சும்மா சொன்னதுதான். ஆனால் அது ரியோஹேயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டில் கோஹாரு சாப்பிடுவது குருவி கொத்துவது மாதிரி. இரண்டு வாய்க்குமேல் போகாது. அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தப் பென்டோ டப்பாதான். கரடி முகம், முயல் முகம், நாய்க்குட்டி என்று எதை வைத்து அனுப்பினாலும் சாயந்திரம் டப்பா துடைத்து வைத்ததுபோல வந்தது. ஒரு பருக்கை மீதி இருக்காது. போதாததற்கு வறுத்த தேயிலை வாசனை வேறு அதில் அடிக்கும். குழந்தை தேநீர் ஊற்றி அலசிக் குடித்துவிடுகிறாள் போலிருக்கிறது, அவ்வளவு பிடித்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வான். பெருமை பிடிபடாது. பள்ளி வாசலில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதும் கிடையாது.

அக்டோபர் வந்தது. ஹாலோவீன் வந்தது. அம்மாக்கள் எல்லாரும் பேயும் வௌவாலுமாகப் பென்டோ கட்டத் தொடங்கினார்கள். நம்மவன் மட்டும் கரடியோடு நிற்க முடியுமா? போன வாரம் சிரிக்கிற பூசணிக்காய் வைத்தான். டப்பா காலியாக வந்தது. இந்த வாரம் நிஜப் பேய்க்கு மாறினான். மாறிய முதல் நாளே இந்தக் கதி.

சாயந்திரம் படகிலிருந்து இறங்கி வந்த ஷிஹோ காலணியைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டினான்.

"புளிப்புன்னு சொன்னாளா? அப்ப கெட்டுத்தான் போயிருக்கும்" என்றாள் ஷிஹோ. "சூடு ஆறாமலே மூடி இருப்ப."

"விசிறி வெச்சு ஆத்துனேன் ஷிஹோ."

"கையில தொட்டுத் தொட்டுப் பேய் பிடிச்ச இல்ல? அதான்."

மறுநாள் ரியோஹேய் கையுறை போட்டுக்கொண்டான். முகமூடியும் போட்டுக்கொண்டான். சமையலறையில் அறுவை சிகிச்சை நடப்பதுபோல இருந்தது. குட்டிக் குட்டி சாஸேஜுகளைக் கொதிக்கவிட்டு, முட்டை தோசையை நூலாக அரிந்து கட்டுப்போட்டு, எகிப்து மம்மிகளாக அடுக்கினான். கட்டுக்கு நடுவே கண் மட்டும் எட்டிப் பார்த்தது. கெட்டுப்போகவே கூடாது என்று டப்பாவுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று பனிப்பொதி வைத்துக் கட்டினான்.

சாயந்திரம் டப்பா கனத்தது. பனி உருகிய கனம் இல்லை. மம்மிகள் அப்படியே விறைத்துக் கிடந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் கட்டு பிரிக்கப்பட்டு, பிரித்தவருக்கே மனசு கேட்காததுபோல மறுபடி சுற்றப்பட்டிருந்தது.

"இன்னிக்கும் சாப்பிடலையா?"

"வயிறு முட்டச் சாப்பிட்டேம்பா" என்றாள் கோஹாரு. வயிற்றைத் தட்டியும் காட்டினாள்.

அப்பாவைச் சமாதானப்படுத்த நாலு வயசிலேயே பொய் சொல்லப் பழகிவிட்டாளே என்று ரியோஹேய்க்குத் துக்கமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சூப்பில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "போதும்" என்று எழுந்தபோது அவனுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை, பள்ளி வாசலில் கஜிதானி அம்மாவிடம் மனம் விட்டுப் பேசினான். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பென்டோ கட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. சிலந்தி வலையைப் பாலாடைக்கட்டியில் பின்னுகிறவள்.

"நீங்க அனுப்பின படத்துல உங்க பேயைப் பார்த்தேனே, கோஹாரு அப்பா" என்றாள் அவள். "அது பேயா? பாவம், பாங்கு வேலைக்குப் போற மாதிரி இருக்கு. பிள்ளைங்க சும்மா அலறணும். அப்பத்தான் ஓடிவந்து சாப்பிடும்."

"ஓ. பயம் பத்தலையா?"

"பத்தவே இல்ல. ரத்தம் வைங்க. கண்ணு வைங்க. எங்க வீட்டுக் குட்டிச்சாத்தானுங்க கண்ணுன்னா அடிச்சுக்கும்."

ரியோஹேய் கையில் வைத்திருந்த பையைப் பார்த்தான். அன்றைக்கு அவன் கட்டியிருந்தது சாதுவான ஒரு வௌவால். மகளை உள்ளே அனுப்பாமல் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். காடை முட்டைகளை வேகவைத்து, ஒலிவக் காயை வளையமாக வெட்டிக் கருவிழி வைத்து, தக்காளிச் சாற்றில் நரம்பு நரம்பாகக் கோடு இழுத்தான். டப்பா நிறையக் கண்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பார்த்தன.

திரும்ப மூச்சு வாங்க வந்தபோது வாசலில் பெரிய சாமி நின்றுகொண்டிருந்தார். அது மலைச்சரிவில் இருக்கும் புத்தர் கோயிலின் பாலர் பள்ளி. கோயில் குருவான பெரிய சாமிதான் பள்ளிக்கும் தலைவர். வயதானவர், பேச்சு குறைவு. பள்ளிக்குப் பின்னால் சரிவு முழுக்கச் சமாதிகள். காலையில் பிள்ளைகளை வரவேற்பார், பிறகு மேலே போய்ச் சமாதிகளுக்கு நடுவே மந்திரம் ஓதுவார். அன்றைக்கு என்னவோ கொஞ்சம் வாடினாற்போல் இருந்தார்.

"வாங்க, கோஹாரு அப்பா. தாமதமாயிடுச்சோ?"

"மன்னிக்கணும் சாமி. சாப்பாடு கட்ட நேரமாயிடுச்சு."

"பரவாயில்லை" என்ற பெரிய சாமி, பையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கு என்ன?"

மரியாதைக்குக் கேட்கிறார் என்று ரியோஹேய் நினைத்தான். "கண்ணுங்க, சாமி."

"கண்ணா?"

"ரத்தத்தோட."

பெரிய சாமி பையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெல்ல, "இந்த ஹாலோவீன் எப்பங்க முடியுது?" என்று கேட்டார்.

ரியோஹேய்க்குச் சுருக்கென்றது. கோயில் பள்ளிக்கூடத்தில் மேனாட்டுப் பேய்களைக் கொண்டுவந்து கொட்டுவது சாமிக்குப் பிடிக்கவில்லை, அதை நாசூக்காகச் சொல்லிக் காட்டுகிறார் என்று புரிந்துகொண்டான். குனிந்து குனிந்து கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினான். ஆனாலும் கண்களைத் திரும்ப வாங்க முடியாது. அவை உள்ளே போய்விட்டன.

அன்று சாயந்திரம் ஷிஹோ சீக்கிரமே வந்திருந்தாள். இருவரும் சேர்ந்துதான் டப்பாவைத் திறந்தார்கள். ஒரு கண் கூடக் குறையவில்லை. ஆனால் அவற்றின்மேல் வெள்ளைக் காகிதக் கைக்குட்டை ஒன்று, நாலு மூலையும் சரிபார்த்து, மடிப்பு நீவி, போர்த்தப்பட்டிருந்தது.

ஷிஹோ ஒரு அடி பின்னால் போனாள்.

"ரியோ. செத்தவங்க முகத்துல இப்படித்தானே துணி போடுவாங்க."

"குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது ஷிஹோ."

"தெரியாமத்தான் இவ்வளவு ஒழுங்கா மடிச்சாளா? இவளுக்குச் சட்டைப் பித்தானே நேரா போடத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தா?"

"மூணு நாளா வெறும் வயித்தோட இருக்கா. அதைச் சொல்லு முதல்ல" என்றான் ரியோஹேய். குரல் உடைந்துவிட்டது.

இருவரும் மேசையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஷிஹோதான் கேட்டாள்.

"செல்லம், அப்பா வைக்கிற முகமெல்லாம் உனக்குப் பயமா இருக்கா?"

கோஹாரு இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன?"

"பாவம்."

"யாரு?"

"பேய். அது என்னையே பாக்குது. அதைப் போய்க் கடிச்சா அதுக்கு வலிக்கும்."

ரியோஹேயும் ஷிஹோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை யாரோ உருட்டிவிட்டதுபோல இருந்தது. நோய் இல்லை, நொடி இல்லை. குழந்தைக்கு இரக்கம். வெறும் இரக்கம்.

"அப்ப கரடி மட்டும் பாவமில்லையா?" என்று ரியோஹேய் கேட்டான்.

"கரடியும் பாவந்தான்."

"அதை இத்தனை மாசமாச் சாப்பிட்டியே?"

கோஹாருவின் கரண்டி கீழே விழுந்தது. அதைத் தேட மேசைக்கு அடியில் போனவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் ரியோஹேய் கேள்வியை மறந்துவிட்டான். அவன் மூளையில் விளக்கு எரிந்துவிட்டது.

"முகமே இல்லாம ஒண்ணு கட்டினா?" என்றான்.

"சும்மா சோறு வெச்சு அனுப்பிடு."

"ஹாலோவீன் வாரத்துல சும்மா சோறா? எல்லாப் பிள்ளைங்களும் திறக்கிறப்ப இவ மட்டும் வெள்ளைச் சோத்தைத் திறந்தா என்ன நினைப்பா? அதெல்லாம் வேணாம். ஆளே இல்லாத ஒண்ணு. ஆனா பயங்கரமா இருக்கணும். என்கிட்ட விடு."

ஷிஹோ விட்டாள். அது அவள் செய்த தப்பு.

ஆளே இல்லாத பயங்கரமான இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. காலையில் ரியோஹேய் சீட்டியடித்துக்கொண்டே சோற்றைக் குன்றாகக் குவித்தான். மேலே கறுப்பு எள் தூவி மண் ஆக்கினான். சாம்பல் நிறக் கொன்யாகு கிழங்குக் களியை அறுத்துச் சமாதிக் கற்கள் செய்து படிப்படியாக நிறுத்தினான். மேனாட்டுச் சமாதி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பள்ளிக்குப் பின்னால் தினம் பார்க்கும் சரிவுதான். அதனால் அதையே செய்தான். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் நடுவார்களே, இறந்தவர் பெயர் எழுதிய நீளப் பலகை, அதையும் விடவில்லை. மீனை அரைத்துச் செய்த களியைக் குச்சி குச்சியாக வெட்டி, கடல்பாசித் துணுக்கால் எழுத்துப்போலக் கீறி, சோற்றில் நட்டமாகக் குத்தினான். அலமாரிப் படம் போட்ட கை. அளவு ஒரு இம்மி பிசகவில்லை. வெள்ளையும் கறுப்புமாக, அவன் கட்டியதிலேயே அழகான பென்டோ அதுதான். படம் எடுத்தான். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, தேநீர் போட்டு, படத்தை ஷிஹோவுக்கு அனுப்பினான்.

உடனே போன் அடித்தது.

"ரியோ, இது என்ன?"

"மயானம். எப்படி இருக்கு? ஒரு ஆள் கிடையாது பாரு."

"சோத்துல நட்டமாக் குச்சி நிக்குது."

"அது பலகை."

"சோத்தைக் குவிச்சு, நட்டமாக் குச்சி குத்தி, யாருக்குடா வைப்பாங்க?"

ரியோஹேயின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது. யாருக்கு வைப்பார்கள் என்று அந்த ஊரில் பச்சைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உயிர் போனவரின் தலைமாட்டில் வைப்பார்கள். சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டமாகக் குத்தினால் சாப்பாட்டு மேசையிலேயே அடி விழும். அவனே சின்ன வயதில் வாங்கியிருக்கிறான்.

"நம்ம பொண்ணுக்குக் கட்டிக் கொடுத்திருக்க" என்றாள் ஷிஹோ. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "அதுவும் கோயில் பள்ளிக்கூடத்துக்கு. அந்த மனுஷனோட சொந்த மயானத்தையே செஞ்சு அனுப்பிருக்க. ஏற்கெனவே சாமிக்குப் பிடிக்கலைன்னு சொன்ன இல்ல?"

"ஐயையோ."

"ஓடு. அவ திறக்கிறதுக்குள்ள வாங்கிடு. போய் விழுந்து மன்னிப்புக் கேளு. வெறுங்கையோட போகாத, தின்பண்டம் ஏதாவது வாங்கிட்டுப் போ. அந்த உள்சட்டையோடயும் போகாத."

ரியோஹேய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியைத் திறந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு சூட்டு. மாட்டிக்கொண்டான். பையில் ஒரு டை இருந்தது. அதையும் கட்டிக்கொண்டான். வழியில் தின்பண்டக் கடையில் நுழைந்து, அவரைப் பயறு இனிப்பு ஒரு பெட்டி கேட்டான். ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது, கண் கலங்கியிருந்தது. கடைப்பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மெல்லிய குரலில், "மனசைத் தேத்திக்கோங்க" என்று மட்டும் சொல்லி, பெட்டியைச் சுற்றிக் கட்டி இரண்டு கையாலும் நீட்டினாள்.

எவ்வளவு நல்ல பெண், முகத்தைப் பார்த்தே கஷ்டத்தைப் புரிந்துகொண்டாளே என்று நினைத்துக்கொண்டே ஓடினான்.

பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறும்போதே மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் மைதானத்தில் கத்துவது கேட்டது. பிந்திவிட்டான். வாசலில் கோஹாருவின் ஆசிரியை மிசோபே நின்றிருந்தாள். இளம்பெண். அவனைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோஹாரு அப்பா... யாருக்கு?"

"யாருக்கு என்னது?"

அவள் அவன் கழுத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். ரியோஹேயும் குனிந்து பார்த்தான். கறுப்புச் சூட்டு. கறுப்பு டை. மாமனார் இறந்தபோது வாங்கியது. கையிலிருந்த பெட்டியைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகத் துக்க வீட்டு முடிச்சு.

"யாருக்கும் இல்ல" என்றான் பலவீனமாக. "எல்லாரும் நல்லா இருக்காங்க. கோஹாரு எங்க?"

"அதோ, விளையாடிட்டு இருக்கா."

கோஹாரு சறுக்குமரத்தில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பருக்கை ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கை ஆட்டிவிட்டு மறுபடி ஏறப் போய்விட்டாள். மிசோபே அவனை உள்ளே கூட்டிப்போய், குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது.

"டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. இந்த வாரம் பூரா அவ ஒண்ணுமே சாப்பிடல இல்ல?"

மிசோபே விழித்தாள். "கோஹாருவா? வகுப்புலயே முதல்ல முடிக்கிறது அவதான். தினமும்."

"தினமுமா?"

"இன்னிக்கும்தான். போன வாரம் எடை பார்த்தோமே, வசந்தத்துல இருந்ததைவிட நல்லாவே கூடியிருக்கா. டாக்டரே சொன்னார், இனிமே கவலையே இல்லைன்னு. சாயந்திரம் வீட்டுல கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் சொல்லாதீங்க, மத்தியானம் அவ்வளவு சாப்பிடுறா."

ரியோஹேய் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏப்ரலிலிருந்து குத்திக்கொண்டிருந்த முள் ஒன்று சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. சாப்பிடுகிறாள். எடை கூடியிருக்கிறாள். ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும், டை கறுப்பாக இருந்தாலும் இருக்கட்டும், குழந்தை சாப்பிடுகிறாள். அந்தக் குட்டி நாற்காலியில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

மிசோபே அலமாரியிலிருந்து கோஹாருவின் பென்டோ டப்பாவை எடுத்து அவன் முன் வைத்தாள். அவன் பழக்கத்தில் அதைத் தூக்கினான்.

டப்பா கனத்தது.

திறந்தான். மயானம் கட்டியபடி நின்றது. ஒரு கல் சாயவில்லை. நட்டமாகக் குத்திய பலகைகளை மட்டும் யாரோ ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள்.

"டீச்சர், சாப்பிட்டான்னு சொன்னீங்களே?"

"சாப்பிட்டா."

"பின்ன இது?"

மிசோபேயின் காது சிவந்துவிட்டது. "அதைப் பெரிய சாமியே சொல்லுவார்" என்று எழுந்து, கதவைத் தள்ளிவிட்டுப் போனாள்.

போன வேகத்தில் பெரிய சாமி வந்தார். ரியோஹேய் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினான். துக்க முடிச்சுப் பெட்டியை முன்னால் தள்ளினான்.

"சாமி, மன்னிக்கணும். வேணும்னு செய்யல. கோயிலை அவமதிக்கணும்னு சத்தியமா இல்ல. மேனாட்டுப் பேய்களைக் கொண்டுவந்ததே தப்பு. இனிமே கட்ட மாட்டேன்."

பெரிய சாமியும் அவன் எதிரே மண்டியிட்டார். அவனைவிடத் தாழ வணங்கினார். ரியோஹேய் பதறி இன்னும் தாழ்ந்தான். சாமியும் தாழ்ந்தார். இரண்டு தலைகளும் தரையோடு தரையாகக் கொஞ்ச நேரம் இருந்தன.

"மன்னிப்புக் கேக்க வேண்டியது நான்தாங்க" என்றார் பெரிய சாமி, தரையைப் பார்த்தபடியே. "கோயிலுக்கு ஒரு அவமானமும் இல்லை. பேய், பிசாசு, அதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். ஆனா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சாமி."

"போன வாரம் வரைக்கும் கரடி, முயல், பூசணிக்காய்னு வெச்சீங்களே. அந்த மாதிரி மறுபடி வைக்க முடியுமா? பொழுது விடிஞ்சா சமாதிக்கு நடுவுலதாங்க நான் நிக்கிறேன். அக்கடான்னு உக்காந்து மூடியைத் திறந்தா அங்கயும் சமாதின்னா எப்படிங்க தொண்டையில இறங்கும்?"

ரியோஹேய் தலையைத் தூக்கினான். "உங்க தொண்டையில எதுக்கு சாமி இறங்கணும்?"

பெரிய சாமி மைதானத்துப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சேர்ந்த நாளே கரடியைக் கடிக்க மாட்டேன்னு அழுதா. ப்ளம் ஊறுகாய் வெச்சு நான் கொண்டுவந்த சோத்து உருண்டையைக் கொடுத்தேன். அன்னியிலேர்ந்து தினம் அதைத்தான் வாங்கிச் சாப்பிடுறா, உங்க டப்பாவைக் கோயில் வழக்கப்படி தேநீர் ஊத்தி அலசிக் குடிச்சு நான் முடிச்சிடுவேன். இருட்டுலயே எழுந்து செய்யிற அப்பா மனசு ஒடிஞ்சிடும், சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா. அதனால சொல்லலைங்க. இந்த வாரம் பூராப் பட்டினி கிடக்கிறது உங்க பொண்ணு இல்லீங்க, நான்தான்."